முதல் மட்டை யார் பேருக்கு

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா... விளக்கு எரியட்டும். இது என் தோழி நஜீபாவின் சித்தி மொஞ்சியாவுக்கு நடந்தது.

பகல் இரண்டு மணி. கெர்கென்னா தீவில் கடல் வற்றிக் கிடக்கும் நேரம். கரைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. மொஞ்சியா தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு அடுத்த வீட்டு சுவாத் மேல் பொறாமை. சுவாத் வீடு வீடாகப் போய், மீனவக் குடும்பங்களின் முன்னோர் பெயர்களை நோட்டில் எழுதிவந்தாள். அதில் சுவாத்துக்கு ஏழு தலைமுறை. மொஞ்சியாவுக்கோ அப்பா லமீன், தாத்தா ஷத்லி... அதோடு சரி.

"உங்க ஆளுங்க நேத்துதான் கடல்லேருந்து முளைச்சாங்களாடி?"

அப்படிக் கேட்டுச் சுவாத் சிரித்த சிரிப்பை மொஞ்சியாவால் மறக்க முடியவில்லை.

அங்கே கடலில் பேரீச்ச மட்டை நட்டு மீனுக்கு வேலி போடுவார்கள். யார் வீட்டு முன்னோர் மூத்தவரோ, அவர் பெயரைக் கூவி அந்த வீட்டார்தான் முதல் மட்டை நடவேண்டும். மொஞ்சியா என்ன செய்தாள்? ஒரு பெயரை இட்டுக்கட்டினாள்.

"பூசயான்... எங்க எட்டாந்தலைமுறைப் பாட்டன்."

சுவாத்தும் நம்பி எழுதிவிட்டாள். முந்தின நாள் காலை, ஊர் பார்க்க அந்தப் பெயரைக் கூவி மொஞ்சியா முதல் மட்டையை நட்டாள். சுவாத்தின் முகம் சுருங்கியதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

மறுநாள் பகல், அந்தக் கரைச் சாலையில்... சளக். சளக். பின்னால் ஈரக் காலடி. காய்ந்த கணவாய் வாடை.

திரும்பினாள். சொட்டச் சொட்ட நனைந்த ஒரு கிழவர். அந்த ஊரில் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார்.

"யாரு மக தாயி நீ?"

"லமீன் மக... ஷத்லி பேத்தி..."

"அவங்கள்லாம் யாரு?" கிழவர் சிரித்தார். "பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாமக் கிடந்தேன். நீதான் எவ்வளவு சத்தமாக் கூப்பிட்டே..."

ஓடினாள். சுவாத் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

"அந்தப் பேரை அடிச்சிடுடி! பொய்யி... உன் மேல வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்!"

"பைத்தியமா உனக்கு? உங்கப்பா இப்பதானே வந்து டீ குடிச்சிட்டு, பேரெல்லாம் சரியாச் சொல்லிட்டுப் போறாரு. அவரு உட்கார்ந்த பாய்கூட இன்னும் காயல பாரு."

நோட்டை விரித்தாள் சுவாத். பூசயான். அதற்கு நேர் கீழே, மகள் மொஞ்சியா. நடுவில் லமீனும் இல்லை, ஷத்லியும் இல்லை... அடித்த தடம்கூட இல்லை.

"எங்கப்பா லமீன்டி! உனக்கும் எனக்கும் நீச்சல் சொல்லிக்கொடுத்தாரே!"

"லமீனா?" சுவாத் விளையாடவில்லை. "அது யாருடி?"

மொஞ்சியா அப்பாவின் அடையாளம் சொல்ல வாயைத் திறந்தாள். கண்... மூக்கு... மீசை...

நனைந்த அந்தக் கிழ முகம்தான் நினைவில் வந்தது.