பதினெட்டாம் நம்பர் படுக்கை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் இரும்புக்கடை கிதிர் முகம்மது அவர்களே! மேடையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே! கிடைக்காத வருத்தத்தில் கீழே அமர்ந்திருக்கும், அவர்களைவிடப் பெரியோர்களே! கண்கலங்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் தங்கத்தாய் அம்மாள் அவர்களே! எல்லோருக்கும் குடை ரிப்பேர் பேச்சிமுத்துவின் வணக்கம்.

மறைந்த குடை டாக்டர் பலவேசம் அவர்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவன் யார்? குற்றாலம் ரோட்டில் அவர் கடைக்கு நேர் எதிரே கடை போட்டுப் பதினொரு வருஷம் வயிறெரிந்தவன் நான்! அந்த எரிச்சலில் உலை வைத்திருந்தால் மேலகரம் முழுவதற்கும் சோறு பொங்கியிருக்கலாம்!

உள்ளதைச் சொல்கிறேன். தொழிலில் நான்தான் கெட்டி. பேரருவிக்குக் கீழே பிடித்தாலும் என் தையல் ஒழுகாது. பலவேசம் தைத்தால் கோணும். ஆனால் கூட்டம் எங்கே? அங்கே! சாரல் விழுந்தால் தென்காசி அங்கே, செங்கோட்டை அங்கே, வடகரை அங்கே! என் கடையில் யார்? நானும் ஒரு ஈயும். ஒருநாள் அந்த ஈயும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

அப்படி என்ன செய்தார்? மற்றவன் குடையை வாங்குவான். அவர் அட்மிட் செய்வார்! சைக்கிள் டியூபில் புனலைச் செருகி ஸ்டெதஸ்கோப்பாகக் காதில் வைத்துக்கொள்வார். மேலகரம் உலகம்மாள் ஆச்சி வந்த நாளை என் கடையிலிருந்தே பார்த்தேன்.

"ஆச்சி, இதுக்கு எத்தன நாளா மூச்சு முட்டுது?"

"ஏலே பலவேசம், குடைக்கு ஏதுலே மூச்சு? தொறக்க மாட்டேங்குது."

"வாயத் தொறக்கலன்னா எப்படிச் சாப்புடுது?"

"சாப்புடுதது நாந்தாம்லே!"

"அப்பம் ஒங்களுக்கு ஒண்ணுமில்ல ஆச்சி. குடையத்தான் படுக்கப் போடணும். ஒம்பதாம் நம்பர்!"

சுவரில் பதினெட்டு ஆணிகள், ஆணிக்கொரு நம்பர். அவைதாம் படுக்கைகள். மறுநாள் ஆச்சி ஆரஞ்சுப் பழத்தோடு குடையைப் பார்க்க வந்துவிட்டாள், அய்யா! என் வீட்டில் நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு எலுமிச்சம்பழம் வந்ததா?

டிஸ்சார்ஜ் அன்று கேட்கவே வேண்டாம். மணி அடித்து, குடைக்காரருக்கு ஆளுக்கொரு பட்டம் சூட்டுவார். "மேலகரம் மகாராணி உலகம்மாள் குடை குணமாகி வீட்டுக்குப் போவுது!" என்று ரோடு அதிர முழங்குவார். குடையை விரித்து அடியில் உட்காருவார். தங்கத்தாய் அம்மாள் ஒரு குடம் தண்ணீரை மேலே கொட்டுவார். கோணல் தையல் சும்மா இருக்குமா? சொட்டுச் சொட்டாக ஒழுகும்!

"லேசா மூக்கு ஒழுகுது. ரெண்டு நாள்ல சரியாயிரும்!"

ரோடே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒழுகுகிற குடையை வாங்கிக்கொண்டு மகாராணியாக நடந்து போவாள் ஆச்சி. ஒழுகாத குடை கொடுத்த எனக்கு யாராவது கைதட்டினீர்களா? நானும் ஒரு மணி வாங்கி அடித்துப் பார்த்தேன். "அண்ணாச்சி, ஐஸ் எவ்வளவு?" என்று கேட்டீர்கள்!

நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார் பலவேசம். ஊர்க்குடையெல்லாம் பிழைக்க வைத்தவர்! பதினேழு குடைகள் ஆணியில் தொங்கின. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டிக் கீழப்பாவூரில் தம்பி வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லி, தங்கத்தாய் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். ஒரே நாளில் தைத்து முடித்தேன். முதலில் வந்தவள் உலகம்மாள் ஆச்சி. இந்த சீசனில் அவள் குடைக்கு மூன்றாவது அட்மிஷன். நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"டிஸ்சார்ஜ் பண்ணாம எப்படிலே வாங்குதது?"

"குடை நல்லா இருக்கு ஆச்சி."

"குடை நல்லா இருக்கும்லே. நான் நல்லா இருக்க வேண்டாமா?"

பதினேழு பேரும் அப்படியே திரும்பிப் போனார்கள். அப்போதுதான் பதினெட்டாம் ஆணியைப் பார்த்தேன். குடைகள் தரையில் குவிந்து கிடந்த ஆடி மாதத்தில்கூட அது காலியாகவே இருந்தது நினைவுக்கு வந்தது. ஏன் என்று தங்கத்தாய் அம்மாளிடம் கேட்டேன்.

"அது ஒங்களுக்கு அண்ணாச்சி. 'எதிர்க்கடைக் குடை ஒருநா வரும், அன்னைக்கு ரோட்டையே நிறுத்திப்புடணும்'னு சொல்லுவாவ. ஒங்களுக்குப் பட்டங்கூட வச்சிருந்தாவ."

"என்ன பட்டம்மா?"

"எங்கிட்டயே சொல்லல. ஒங்க குடை வந்தாத்தான் சொல்லுவாவளாம்."

சபையோரே! நான் பலவேசத்தின் வியாபாரத்தைப் பார்த்தா வயிறெரிந்தேன்? இல்லை! மகாராணியாக நடந்து போன உலகம்மாள் ஆச்சியைப் பார்த்து எரிந்தேன்! உங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து எரிந்தேன்! அவர் இருந்தபோதே இரண்டு முறை என் குடையை எடுத்துக்கொண்டு நடுரோடு வரை வந்தேன். பஸ் வந்ததைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். இப்போது எந்த பஸ்ஸைக் குற்றம் சொல்ல?

ஆகவே இந்தச் சபையில் சூளுரைக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குப் பலவேசம் கடையில் மணி அடிக்கும். பதினேழு குடைகளுக்கு அடியிலும் நான் உட்காருவேன். தங்கத்தாய் அம்மாள் தயவுசெய்து தண்ணீர் ஊற்ற வேண்டும். கடையைப் பூட்டுவதை அப்புறம் பேசிக்கொள்வோம். என் தையல் ஒழுகாதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். நேற்று உட்கார்ந்து ஒவ்வொரு குடையிலும் ஒரு தையலை என் கையாலேயே பிரித்துவிட்டேன்.

இதோ, இது என் குடை. இதற்கு ஒரு நோயும் இல்லை. போகிற வழியில் பதினெட்டாம் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறேன். இதை டிஸ்சார்ஜ் செய்ய யாருக்கும் பட்டம் தெரியாது. அங்கேயே கிடக்கட்டும்.

வெளியே சாரல் பிடித்துவிட்டது. நான் நனைந்தே போய்க்கொள்கிறேன்.