ஆதிரைக்கு எடுத்து வைத்த சால்மன்

ஜெசிந்தன்: விவேக் அண்ணை! விடிய அஞ்சரைக்கு ஹம்பேர்க் மீன் சந்தையிலயோ! எப்பிடி எழும்பினியள்?

விவேக்: நாலு மணிக்கு எழுந்தேன். பல் தேய்ச்சேன். காபி போட்டேன். அரிசியைக் கழுவி வச்சேன். எஸ்-பான் ரயில் பிடிச்சேன். வந்துட்டேன்.

ஜெசிந்தன்: அரிசியுமோ!

விவேக்: ஆதிரை இன்னைக்கு வரல. நான்தான்.

ஜெசிந்தன்: ...ஓம். சரி. மனிசி மீன் வாங்கேக்க மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கால நிக்கிற சைவக்காரன், இண்டைக்குக் கடைக்கு முன்னால!

விவேக்: இப்பவும் சைவம்தான். சால்மன் வேணும்.

ஜெசிந்தன்: ஆருக்கு?

விவேக்: அவளோட ரெஸ்டாரண்ட்காரங்க எட்டுப் பேர் மதியம் வீட்டுக்கு வர்றாங்க. சுஷி, சோத்து மேல பச்சை மீன். அவ செய்யற மாதிரியே... என் கையால.

ஜெசிந்தன்: சுஷிக்காரருக்கே சுஷியோ! உங்களுக்கு ருசி பார்க்கவும் ஏலாது.

விவேக்: கண்ணும் விரலும் போதும்னு சொல்லுவா. மீன் சரியில்லன்னா அவ பேர்தான் கெடும். அது மட்டும் கூடாது.

ஜெசிந்தன்: அப்ப இதைக் கொண்டுபோங்கோ. பண்ணையில வளர்த்ததில்லை, கடல்ல வலை போட்டுப் பிடிச்சது. இரவுதான் வந்தது.

விவேக்: வேண்டாம்.

ஜெசிந்தன்: ஏன்? வடிவான மீன்...

விவேக்: கடல் மீன்ல புழு இருக்கலாம். பச்சையா சாப்பிடணும்னா ஒரு நாளாவது ஃப்ரீசர்ல கிடக்கணும். எனக்கு மதியமே வேணும். பண்ணை சால்மன் எடுங்க.

ஜெசிந்தன்: அட... சரி, இந்தாங்கோ பண்ணை மீன்.

விவேக்: கண் மங்கிப்போச்சு. அழுத்தினா குழி அப்படியே நிக்குது. நேத்து மீனை என் தலையில கட்டறீங்களா?

ஜெசிந்தன்: முந்தநாள் மீன்! சும்மா சோதிச்சுப் பார்த்தன் அண்ணை. ஆதிரை அக்காட்டயும் முதல் நாள் இப்பிடித்தான் ஏச்சு வாங்கினன்.

விவேக்: அந்த ரெஸ்டாரண்ட்ல மீன் வெட்டக் கத்தி பிடிச்ச முதல் பொண்ணு. எனக்குச் சொல்லித் தராம விடுவாளா?

ஜெசிந்தன்: விடமாட்டா... பொறுங்கோ. கீழ்ப்பெட்டியில ஒண்டு கிடக்கு. இதைப் பாருங்கோ.

விவேக்: கண் பளிச்சுன்னு இருக்கு. செவுள் சிவப்பு. குழி விழல... இதுதான்.

ஜெசிந்தன்: அக்காவே எடுத்த மாதிரி இருக்கு.

விவேக்: இது என்ன, பெட்டியில அவ பேர்?

ஜெசிந்தன்: ஞாயிறுகளில அவவுக்கெண்டு எடுத்து வைக்கிறனான்.

விவேக்: இப்பவுமா?

ஜெசிந்தன்: ...இப்பவும்.

விவேக்: அப்ப... உங்களுக்குத் தெரியும்.

ஜெசிந்தன்: அண்டைக்கு எட்டு மணி வரைக்கும் இந்தப் பெட்டியோட பார்த்துக்கொண்டு நிண்டனான். பிறகுதான் சொன்னவை, வாற வழியில அக்காவின்ர சைக்கிளை லொறி அடிச்சதெண்டு. செத்தவீட்டில பின்னுக்கு நிண்டனான், நீங்கள் காணேல்லை.

விவேக்: நான் யாரையும் பாக்கல.

ஜெசிந்தன்: அண்டைக்கு வீட்டால வெளிக்கிடேக்க அக்கா ஏதும்... சொன்னவவோ?

விவேக்: பெருசா ஒண்ணுமில்ல. கதவைச் சாத்தும்போது... "அரிசியைக் கழுவி வையுங்கோ, மீனோட வாறன்."