ஆண்டிச்சி வெள்ளி

கடியாரம்ங்கிற சாமானே ஊருக்குள்ள வராத காலத்துல நடந்ததுன்னு எங்க பக்கம் சொல்வாங்க. பூலாங்கண்மாய்னு ஒரு ஊரு. கண்மாய்ல தண்ணி குறைஞ்சா முறை வச்சுத்தான் பாய்ச்சுவாங்களாம். ராத்திரி முறைக்கு வானத்து வெள்ளிதான், அதான் நட்சத்திரம், கணக்கு. வீட்டுக்கு ஒரு வெள்ளி. உன் வெள்ளி மலைக்கு மேல வந்தா மடையைத் திற, அடுத்தவன் வெள்ளி வந்தா மூடு. அம்புட்டுத்தான்.

இதுல அநியாயம் என்னன்னா, பளிச்சுனு இருக்குற வெள்ளியெல்லாம் பெரிய வீட்டுக்காரங்களே பங்கு போட்டுக்கிட்டாங்க. கடைமடையில ஒத்தை வயலு வச்சிருந்தவ ஆண்டிச்சி. புருசன் இல்லாதவன்னு அவளுக்கு ஒரு வெள்ளியும் விடலை. நெல்லு பால் புடிக்கிற நேரம், வயலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. போயி முறை கேட்டா, முறை பாக்குற சோணை அம்பலம் சொன்னாராம், "உனக்கு வெள்ளி இல்லையே ஆத்தா. நானா வெள்ளி செஞ்சு குடுக்க முடியும்?" எப்புடி வாய் வந்துச்சுங்கிறேன்! வானத்தைப் பட்டா போட்டா வச்சிருந்தாரு?

ஆண்டிச்சி விடலை. "இருக்குய்யா. ஒங்க வெள்ளிக்கும் அடுத்த வெள்ளிக்கும் நடுவுல மங்கலா ஒண்ணு வருது. அதைக் குடுங்க."

"அப்புடி ஒண்ணு கெடையவே கெடையாது"ன்னாரு. இருக்குன்னா அவரு முறையில பாதி போயிருமே!

சரி, ஊரே பாக்கட்டும்னு பொழுது சாஞ்சதும் மடைக்கிட்ட கூடுனாங்களாம். அம்பலம் பந்தம் புடிக்க நாலு ஆளைக் கூட்டியாந்துட்டாரு. அந்த வெளிச்சத்துல மங்கல் வெள்ளி எங்கிட்டுத் தெரியும்? "எங்க ஆத்தா, காட்டு"ன்னு சிரிச்சாராம். கூட நின்ன சனமும் சிரிச்சுச்சாம், வெக்கங்கெட்ட சனம். ஆண்டிச்சி நேராப் போயி கண்மாய்ல குடத்தை முக்குனா. நாலு பந்தத்துலயும் ஊத்தி அணைச்சா. "இப்பப் பாருங்க."

இருட்டுக்குக் கண்ணு பழகணும்ல? பழகுச்சு. "அட ஆமாப்பா, அந்தா இருக்கு"ன்னான் ஒருத்தன். "எனக்கும் தெரியுது"ன்னான் இன்னொருத்தன். அம்பலம் மட்டும், "எனக்குத் தெரியலை, எனக்குத் தெரியலை"ன்னே நின்னாராம். எம்புட்டு அழுத்தம் பாருங்க!

ஆண்டிச்சி ஊரைப் பாத்துக் கேட்டா: "அய்யாவுக்குக் கண்ணு மங்கிருச்சு போல. வெள்ளி தெரியாதவரு முறை பாக்கலாமா? வேற ஆளை வைங்கய்யா."

முறை பாக்குற மரியாதை அம்பலத்துக்கு உசுரு. "தெரியுது"ன்னாரு, வாய்க்குள்ளயே. "கேக்கலை"ன்னா ஆண்டிச்சி. "தெரியுது!"ன்னு கத்துனாராம். அன்னிக்கே கடைமடைக்குத் தண்ணி போச்சு.

அந்த மங்கல் வெள்ளிக்கு ஆண்டிச்சி வெள்ளின்னு பேரு நின்னுருச்சு. இன்னைக்கும் அந்த ஊருல முறை தொடங்குற அன்னிக்கு எல்லா விளக்கையும் அணைச்சுருவாங்க. முறை பாக்குறவன் அந்த வெள்ளியைக் காட்டி, "தெரியுது"ன்னு சொன்னாத்தான் மடை திறக்குற மம்பட்டி கைக்கு வரும். எம்புட்டுச் சத்தமாச் சொன்னாலும் சரி, பொம்பளைக அத்தனை பேரும் மொதல்ல "கேக்கலை"ன்னுதான் சொல்லுவாங்களாம்.