திங்கட்கிழமை பறித்த வில்வம்

பெயர்: நிலானி த/பெ கிருபானந்தன். வயது: 36. தொழில்: தாவர மரபியல் ஆய்வாளர். முகவரி: அடுக்குமாடி வீடு, ஏழாவது மாடி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர். பதிவான இடம்: கிள்ளானில் ஒரு காவல் நிலையம். பதிவு செய்தவர்: சார்ஜன் பக்கிரிசாமி. தொடங்கிய நேரம்: திங்கட்கிழமை காலை மணி 10.40.

நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். மரங்களின் மரபணு வரிசையைப் படித்து, உலக ஆய்வாளர்கள் இணையத்தில் பொதுவாக வைத்திருக்கும் தரவுத்தளத்தில் ஏற்றி, ஒரு மரம் இன்னொன்றிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று ஒப்பிடுவது என் வேலை. இதைச் சார்ஜன் ‘கணினி வேலை’ என்று எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

சென்ற ஆண்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் நான்கு சிவன் கோவில்களின் வில்வ மரங்களை ஒப்பிட முடிவு செய்தேன். ஆய்வுக்கூடத்தின் வேன் எனக்குத் திங்கட்கிழமை மட்டுமே கிடைக்கும் என்பதால் நான்கு திங்கட்கிழமைகளில் நான்கு கோவில்களுக்கும் சென்றேன். திங்களன்று வில்வம் பறிப்பதில்லை என்று எங்குமே என்னை மரத்தருகில் விடவில்லை. அதற்குப் பதில், அந்தந்தக் கோவில் குருக்கள் பூசைக் கூடையிலிருந்து ஒரு பிடி இலை எடுத்துத் தந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். எங்கே பறித்தது என்று கேட்கவில்லை. கோவிலில் கையில் கொடுப்பதைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அதன் பிறகு வரிசைகளை ஒப்பிட்டபோது நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. விதையில் முளைத்த மரங்கள் அப்படி இருக்காது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்; மகிழ்ச்சி வந்தது. நான்கும் ஒரே தாய்மரத்தின் வேர்க்கன்றுகள் என்று கட்டுரை எழுதி, தரவுத்தளத்தில் நான்கு பதிவுகளை என் பெயரில் ஏற்றினேன்.

அதன் பிறகு கிள்ளான் கோவிலின் தலைவர் திரு. சாத்தப்பன் அந்தக் கட்டுரையைச் செயற்குழுக் கூட்டத்தில் வாசித்தார். அதை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று நம்புகிறேன். கோவிலில் கார் நிறுத்த இடம் போதவில்லை. மரம் நடுவில் நின்றது. அதே மரம் இன்னும் மூன்று கோவில்களில் இருப்பதாக விஞ்ஞானமே சொல்வதால் இதை வெட்டுவதில் இழப்பு ஒன்றுமில்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

இதைக் கேள்விப்பட்ட பிறகே எனக்குச் சந்தேகம் வந்தது. கூடையில் இருந்த இலை எங்கிருந்து வருகிறது என்று கிள்ளான் கோவில் குருக்களிடம் கேட்டேன். அவர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் உஷாராணியைக் கைகாட்டினார்.

உஷாராணி சொன்னது: “அவ்ளோ பெரிய மரத்துல ஏற யாருகிட்ட ஆள் இருக்கு டாக்டர்? நாலு கோவிலுக்கும் நாந்தான் அனுப்பறேன். சாலாக் செலாத்தான்ல என் வீட்டுப் பின்னால ஒரே மரம்லா.”

ஆக, உஷாராணி வீட்டு மரத்தை நான் உஷாராணி வீட்டு மரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என்று நிறுவியிருந்தேன்.

அதன் பிறகு பதிவுகளை நீக்கும்படி தரவுத்தளத்திற்கு மூன்று முறை எழுதினேன். அதே மரத்தின் புதிய மாதிரி இல்லாமல் எதையும் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. திரு. சாத்தப்பனிடம் போய்த் தவறு என்னுடையது என்றேன்.

“நீங்களே எழுதிட்டு நீங்களே இல்லன்னா எப்படி டாக்டர்? கம்ப்யூட்டர்ல மாத்திட்டு வாங்க, திரும்ப மீட்டிங் போடலாம்” என்றார். மாற்றுவதற்கு இலை கேட்டேன். கடிதம் கொடுக்கச் சொன்னார். கொடுத்து ஆறு வாரம் ஆகிறது.

இன்று காலை மணி 7.50க்கு நான் கோவிலுக்குச் சென்றபோது வாசலில் மண்வாரி இயந்திரம் நின்றது. அதன் பிறகு நான் பந்தியில் போடும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின்மேல் ஏறி, மரத்திலிருந்து மூன்று இலைக்கொத்துகளைப் பறித்தேன். திரு. சாத்தப்பன் ஓடி வந்தார்.

“இன்னிக்கு என்ன கெழமைன்னு தெரியுமா? திங்கக்கெழம வில்வத்துல கை வைக்கலாமா?”

“வெட்டலாமா, அங்கிள்?” என்று கேட்டேன்.

“வெட்டறதப் பத்தி சாஸ்திரத்துல ஒன்னும் சொல்லலம்மா” என்றார்.

அதன் பிறகு கோவில் சொத்தைத் திருடியதாக என்மீது அவர் புகார் கொடுத்தார். மூன்று இலைக்கொத்துகளும் சாட்சிப் பொருளாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டப்பட்டன. ஈர இலை பிளாஸ்டிக்கில் சில நாட்களில் கறுத்து அழுகிவிடும், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு காகித உறையில் வைத்தால் தாங்கும், காலில் போடும் புதுச் சப்பாத்தின் பெட்டியில்கூட அந்தப் பொட்டலம் கிடைக்கும் என்று சார்ஜனிடம் விளக்கினேன்.

“ஒட்டினதப் பிரிச்சா என் தலைதான் உருளும் டாக்டர்” என்றார். வழக்கு அடுத்த மாதம் 19ஆம் தேதிக்கு மேல்தான் வரும் என்றும் சொன்னார்.

மணி 11.15க்கு, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த திரு. சாத்தப்பனின் கைப்பேசி ஒலித்தது. “வேரோட வந்துருச்சா? சரி, லோரில ஏத்தி அனுப்பிருங்க. கல்லக் கொட்டி லெவல் பண்ணிருங்க” என்றார். சார்ஜன் எழுதுவதை நிறுத்தினார். மேசைக்கடியில் தன் காலைப் பார்த்தார். அவருடைய சப்பாத்து பழையது. அதன் பிறகு தொடர்ந்து எழுதினார்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை. தரவுத்தளத்தில் என் பெயரில் உள்ள நான்கு பதிவுகளும் பொய். அவற்றில் கிள்ளான் பதிவைத் திருத்தத் தேவையான மாதிரி இந்த மேசைமேல், எனக்கு எட்டும் தூரத்தில், பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. பையின் உட்புறம் வியர்க்கத் தொடங்கிவிட்டது.

(ஒப்பம்) கி. நிலானி