கேட்காமல் வாங்கிய கத்தி

ஒரு கத்தி வாங்கத் தகுந்ததா என்று சொல்ல, முதலில் கத்தியைப் பார்க்கக் கூடாது. வாங்க வந்தவனின் கையைப் பார்க்க வேண்டும். பெரிய கைக்காரன் சின்னப் பிடியுள்ள கத்தியை வாங்கிக்கொண்டு போனால் ஓர் ஆட்டை உரித்து முடிப்பதற்குள் விரல்கள் மரத்துவிடும். பிறகு என்னிடம் வந்து கத்தி சரியில்லை என்பான். கத்தி சரியாகத்தான் இருக்கும். எங்கள் ஊர் அட்-பாஷி சந்தையில் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

காவல் நிலையத்திலும் தேநீர் கொடுக்கிறீர்கள், நன்றி, கேப்டன். சர்க்கரை வேண்டாம்.

என் பெயர் துர்துமாமத் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கைதேர்ந்தவன் என்று உஸ்தா என்பார்கள். லாரியின் பட்டை ஸ்பிரிங்கைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்வது என் தொழில். ஆனால் என்னிடம் கத்தி வாங்க வந்தவர்களைவிட, வேறு யாரிடமோ வாங்கப்போகும் கத்தியைக் காட்ட வந்தவர்களே அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுச் சந்தை முடிந்ததும் வருவார்கள். கத்தியை என் முன்னால் கம்பளத்தில் வைப்பார்கள், நான் எடுத்துக்கொள்வேன். கையிலிருந்து கைக்குக் கத்தியைக் கொடுத்தால் பகை வரும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். நீங்களும் அந்த உடைந்த கத்தியை மேசையில் வைத்துத்தான் என் பக்கம் தள்ளினீர்கள்.

நான் பார்ப்பது சில விஷயங்களைத்தான். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா, இல்லை பாதியில் நின்றுவிடுகிறதா. முதுகு எவ்வளவு கனம். முனையை விறகுக் கட்டையில் குத்தி, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்தால் வளைந்து நிமிர்கிறதா. நகத்தால் சுண்டினால் என்ன சத்தம். அதன்பிறகு ஒரே வார்த்தை சொல்வேன். வாங்கு, அல்லது வேண்டாம். இதற்கு நான் எதுவும் பெற்றுக்கொண்டதில்லை. விற்கிறவன் என்னை முறைத்துக்கொண்டே நிற்பான், ஆனால் வாய் திறக்கமாட்டான். கசாப்புக்காரன் ஒரோஸ்பை கேலி செய்வான்: "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கவும் உஸ்தாவையே கூட்டிட்டுப் போங்கடா, சுண்டிப் பார்த்துச் சொல்லிடுவாரு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது மரியாதையான கேலி.

எசென்குல் என்னிடம் கேட்கவில்லை.

அவன் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தவன். நல்ல மேய்ப்பன், நல்ல உழைப்பாளி. அவனுடைய அப்பாவுக்கு முதல் கத்தி நான் செய்தது. அவன் ஒருமுறை தலைநகர் பிஷ்கெக் போனபோது கடையில் ஒரு கத்தி வாங்கிவந்தான். தொழிற்சாலையில் செய்தது. கனமான முதுகு, முழு இரும்பு, கறுப்புப் பிடி, மடங்காத அலகு. இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தான். ஆட்கள் சூழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவனும் வந்தான், கத்தியை என் முன்னால் வைத்தான்.

"வாங்கிட்டேன் உஸ்தா. சும்மா ஒரு பார்வை பாருங்க."

நான் எடுத்துப் பார்த்தேன். சுண்டினேன். திரும்ப வைத்தேன். "ரொம்ப விறைப்பான இரும்பு. குளிர்ல உடையும்," என்றேன்.

அவன் முகம் வாடவில்லை. "உடையட்டும் உஸ்தா, உடைஞ்சா உங்ககிட்டயே இன்னொண்ணு வாங்கிக்கிறேன்," என்று சொல்லி எடுத்து உறையில் போட்டுக்கொண்டான். நல்லவிதமாகத்தான் சொன்னான். அவன் யாரையும் புண்படுத்துகிறவன் இல்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குளிர்காலம் கத்தி உடையவில்லை. அடுத்த குளிர்காலமும் உடையவில்லை. அந்த வருடம் காரின் கதவுக் கண்ணாடியே விரிசல் விட்ட குளிர். அவன் அந்தக் கத்தியால் உறைந்த இறைச்சியைப் பிளந்தான், கொட்டகைக் கதவில் ஒட்டிய பனிக்கட்டியைப் பெயர்த்தான், ஒருமுறை வண்டிச் சக்கரத்துக்கு அடியில் அதை முட்டுக்கொடுத்தானாம். அப்படிச் செய்ததை என்னிடம் வந்து சொன்னவர்கள் பலர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

விருந்துகளில்தான் அது மோசம். பெரிய தட்டில் வெந்த ஆட்டிறைச்சி வந்ததும் ஆண்கள் எல்லோரும் தங்கள் கத்தியை எடுத்து, நூடுல்ஸின்மேல் போட இறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்குவோம். அப்போது எல்லாக் கத்திகளும் வெளியே வந்துவிடும். ஒளித்துவைக்க முடியாது. ஒரோஸ்பை ஆரம்பிப்பான்.

"எசென்குல், அந்த உடையற கத்திய இப்படிக் குடு. எலும்பு ஒண்ணு கெட்டியா இருக்கு."

"உடைஞ்சிடப் போவுது அண்ணே, பாத்து," என்பான் ஒருவன்.

"உஸ்தா வாக்கு பொய்க்காதுப்பா. இன்னிக்கு இல்லன்னா நம்ம பேரன் காலத்துல உடையும்."

அதற்கு 'உடையற கத்தி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மழை வரும் என்று யாராவது சொன்னால், "எப்படி, எசென்குல் கத்தி உடைஞ்ச மாதிரியா?" என்பார்கள். இரண்டு மூன்று பேர் என்னிடம் காட்டாமலே சந்தையில் கத்தி வாங்கினார்கள். என் கம்பளத்தைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவன் சலாம் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்ததா என்று நேற்று கேட்டீர்கள். வரவில்லை. தூக்கம் கெடவில்லை, சாப்பாடு குறையவில்லை. நான் சொன்னது நடக்கவில்லை என்பது கதவு சரியாக மூடாமல் நிற்பதைப் போல இருந்தது, அவ்வளவுதான். எழுந்துபோய்ச் சாத்திவிட வேண்டும்.

போன ஜனவரியில் ஒரோஸ்பை வீட்டு விருந்தில் எசென்குல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நறுக்கும்போது அவன் கத்தியின் பிடி லேசாக ஆடுவதைப் பார்த்தேன். ஆணி தளர்ந்திருந்தது. இவ்வளவு அடிபட்டால் எந்தக் கத்திக்கும் தளரும். எல்லோரும் கேட்க நான் சொன்னேன்: "பிடி ஆடுதே தம்பி. எங்கிட்ட விட்டுட்டுப் போ, புதுசா ஒண்ணு போட்டுத் தர்றேன்."

நான் சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்தார்கள். எசென்குல் ஒரு கணம் தயங்கினான். பெரியவர் ஒருவர் விருந்தில் நாலுபேர் நடுவில் தானாக முன்வந்து கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது நம் ஊரில் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அவன் கத்தியைத் துடைத்து என் முன்னால் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்ததாக ஒரோஸ்பை பிறகு சொன்னான். நான் கவனிக்கவில்லை.

"உங்க கைபட்டா அது இன்னும் நூறு வருஷம் ஓடும் உஸ்தா," என்றான்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தேன். ஆணிகளைக் கழற்றிப் பழைய பிடியை எடுத்தேன். பிடி இல்லாத அலகை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்கினேன். அப்படி இறக்கிய இரும்புக்கு மறுபடி இளஞ்சூடு காட்டி அதன் விறைப்பைத் தணிக்க வேண்டும். தணிக்காவிட்டால் அது பார்வைக்குக் கத்தி, உள்ளே கண்ணாடி. நான் தணிக்கவில்லை. அலகின்மேல் படிந்த கறுப்பைத் தேய்த்து, பழைய கீறல்கள் இருந்த இடத்தில் அதேபோலக் கீறல்கள் போட்டேன். அதற்குத்தான் நேரம் எடுத்தது. பிறகு அக்ரூட் மரத்தில் பிடி செதுக்கினேன். அவன் கை பெரியது, உள்ளங்கை அகலம், சுண்டுவிரல் ஒருமுறை முறிந்து கோணலாகச் சேர்ந்தது. அதற்கும் இடம் விட்டுச் செதுக்கினேன். நான் செய்த பிடிகளில் அதுதான் சிறந்தது. உங்கள் மேசையில் இருக்கிறது, வேண்டுமானால் பிடித்துப் பாருங்கள். ஈரத்திலும் வழுக்காது.

அவன் வாங்க வந்தபோது நான் ஒன்று சொல்லி அனுப்பினேன். "ஆத்தைத் தாண்டும்போது கத்தியப் பின்னால தொங்கவிடாத. முன்பக்கம் கட்டு. கைக்கு எட்டணும்."

"சரி உஸ்தா," என்றான். என் மனைவிக்கு வெண்ணெய் கொண்டுவந்திருந்தான்.

பிப்ரவரி கடைசியில் மந்தையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டிப் போவார்கள் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். உறைந்த ஆறு அப்போது நம்ப முடியாதது. காலடியில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனால் ஒரே வழிதான் இருக்கிறது. கத்தியை உருவி, முன்னால் உள்ள கெட்டிப் பனிக்கட்டியில் ஓங்கிக் குத்தி, அதைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டும். மடக்குக் கத்தி இதற்கு உதவாது. நல்ல, உறுதியான, மடங்காத கத்தி வேண்டும். நம் ஆட்கள் இவ்வளவு யோசித்துக் கத்தி வாங்குவதே இதற்காகத்தான்.

எசென்குல் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவன் மனைவி ஷைர்குல் கரையில் நின்று பார்த்திருக்கிறாள். அவளிடம் கயிறு இல்லை, ஓடிவந்தவர்கள் தூரத்தில் இருந்தார்கள். அவள் அழவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"கத்திய உருவி ஐஸ்ல குத்தினாரு உஸ்தா. முன்பக்கம்தான் கட்டியிருந்தாரு, சட்டுனு வந்திருச்சு. இடுப்பு வரைக்கும் மேல ஏறிட்டாரு. என்னப் பாத்து ஏதோ சொன்னாரு. அப்புறம் பாத்தா கையில பிடி மட்டும் இருக்கு."

பிறகு, "நீங்க அப்பவே சொன்னீங்க. நாங்கதான் சிரிச்சோம்," என்றாள்.

துக்கத்துக்குப் போட்டிருந்த கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் எழுந்து எனக்கு வழிவிட்டார்கள். ஒரோஸ்பை என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இனிமே உங்களக் கேக்காம ஒரு ஊசிகூட வாங்கமாட்டேன் உஸ்தா," என்றான். பெரியவர்களுக்கான தலைமை இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். இறைச்சி வந்தது, எல்லோரும் கத்தியை எடுத்தார்கள், யாரும் கேலி பேசவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். எதுவும் அசையவில்லை. கதவு சாத்தியிருந்தது.

நீங்கள் உடைந்த துண்டை பிஷ்கெக்குக்கு அனுப்பினீர்கள். அலகை யாரோ மறுபடி காய்ச்சியிருக்கிறார்கள் என்று அங்கே கண்டுபிடித்தது சரி. அதில் எனக்கு வருத்தமில்லை, படித்தவர்கள், தெரியத்தான் செய்யும். ஆனால் நேற்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பெரியவரே, பிடி போடும்போது தெரியாம அலகுல சூடு ஏறியிருக்கும். வயசாச்சு. கவனக்குறைவுன்னு எழுதிக்கிறேன், வீட்டுக்குப் போங்க," என்றீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். நான் இரவு முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்ததற்குக் காரணம் அதுதான். பிடி போடும்போது அலகில் சூடு ஏறாது, கேப்டன். என் பட்டறையில் கவனக்குறைவு நடந்ததில்லை. ஆயுளெல்லாம் செய்த வேலையின்மேல் அப்படி ஒரு வார்த்தையை எழுதவிட முடியாது. நான் வேண்டுமென்றே செய்தேன். அப்படி எழுதுங்கள்.

கத்தி உடைந்தால் போதும் என்று நினைத்தீர்களா, ஆள் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். நேர்மையான கேள்வி. முதலில் கத்தி உடைந்தால் போதும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது ஓர் ஆட்டெலும்பில் உடைந்திருந்தால் அவன் சிரித்திருப்பான். எல்லோரும் சிரித்திருப்பார்கள், உஸ்தா கை வைத்ததால் உடைந்தது என்றிருப்பார்கள். ஆற்றில் உடைந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். முன்பக்கம் கட்டு என்று அதனால்தான் சொன்னேன்.

இன்னொன்றும் கேட்டீர்கள், நான் கை வைக்காமல் இருந்திருந்தால் அது எப்போதாவது உடைந்திருக்குமா என்று. உலையில் சிவந்தபோது அதன் நிறம் சீராக, முனை முதல் அடி வரை ஒரே மாதிரி ஏறியது. அப்படி ஏறும் இரும்பை நான் அதிகம் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அது உடைந்திருக்காது. நான் பார்த்த கத்திகளில் வாங்கத் தகுந்தது அது. முதல் நாள் சந்தையில் சுண்டியபோதே எனக்குத் தெரியும்.

இப்போது என் மனதில் பாரம் எதுவும் இல்லை. மனிதன் தன் தவற்றை ஒப்புக்கொண்டால் மாறிவிடுகிறான் என்பது சரிதான். நான் மாறிவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

காலையில் உங்களுக்காக வராந்தாவில் காத்திருந்தபோது, வாசலில் நிற்கும் அந்தக் காவலர், எர்மெக், செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் மலைக்கு வேட்டைக்குப் போகிறாராம், புதுக் கத்தியாம். "எப்படி இருக்கு உஸ்தா?" என்றார்.

"வாங்கப் போறியா?" என்று கேட்டேன்.

"வாங்கிட்டேன். சும்மா கேட்டேன்," என்றார்.

குளிரில் உடையும் என்று சொன்னேன். படத்தை நான் பார்க்கவில்லை. என் மூக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது.