லீவு நாள் மாத்திரை

...காலர்ல இஸ்திரிப் பெட்டி தடம் விழுந்துடுச்சு, ஒத்துக்கறேன்! அதுக்கு ஏன் சார் தெருவே கேக்கற மாதிரி கத்தறீங்க? உள்ள தேய்க்கறது என் வீட்டுக்காரரு. இடது கையால தேய்க்கறாரு. வலது கை நாலு மாசமா சும்மா தொங்குது. பேச்சும் போச்சு. காது மட்டும் நல்லாக் கேக்கும், மெதுவா பேசுங்க.

எல்லாம் அந்த டாக்டரால வந்தது. பின்ன? இவரு நெஞ்சு தாறுமாறா துடிக்குதாம். ரத்தம் உள்ளயே கட்டிக்கிட்டு, அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதமாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, தினம் ரெண்டு வேளை. எழுதறவருக்கு என்ன, எழுதிட்டாரு! இங்க வெள்ளைத் துணி வேலைன்னு அவரு கண்டாரா? பட்டன் தைக்கறப்ப ஊசி லேசா கீறினாக்கூட ரத்தம் சட்டுனு நிக்காது. ஒரு நாள் வக்கீல் சட்டையில மூணு சொட்டு. மனுஷன் ஊரையே கூட்டிட்டாரு. ஏன், நீங்க இப்ப கூட்டலையா?

அதான் நானே ஒரு வழி பண்ணேன். கடை லீவு அன்னிக்கு மட்டும் மாத்திரை. வாரத்துல ஒரு நாள். குடுத்தா முழுங்குவாரு, குடுக்கலைன்னா ஏன்னு கேக்க மாட்டாரு, அப்படி ஒரு ஆளு. அப்புறம் பாருங்க, ஒரு சட்டையில ஒரு பொட்டு ரத்தம் இல்ல! எனக்குன்னா தலைகால் புரியல. டாக்டருக்கே பாடம் சொல்லலாம்னு இருந்தேன்.

ஒரு செவ்வாக்கிழமை காலையில தேய்ச்சிட்டிருந்தவரு கையில இருந்து பெட்டி நழுவிச்சு. துணி கருகுது, எடுங்கன்னு கத்தறேன், எடுக்கல. அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டாரு. அப்பவும் திட்டினேன் சார்... துணி போச்சேன்னு திட்டினேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, மாத்திரை ஒழுங்கா போட்டாரான்னு. ஒரு வேளை தவறலைன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது! அவருக்கு நம்பிக்கை வரல. இவரு பக்கம் திரும்பி, "தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். தினமும் போட்டீங்களா?"ன்னாரு.

இவரு என்னையே பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் ஆமான்னு தலையை ஆட்டினாரு.

அந்த மாத்திரை கேக்கலைன்னு எழுதிட்டு டாக்டர் வேற மாத்திரை எழுதிக் குடுத்தாரு. இப்ப ரெண்டு வேளையும் நானே வாயில போடறேன். முழுங்கறாரு. ஒரே ஒரு வார்த்தை என்னைத் திட்டினா ஆறிடும் சார்... திட்டறதுக்கு வாய் இல்லியே.