எழுத்து ஓடுற வரைக்கும்

இல்லீங்க மேடம், அந்தச் சேரு வேணாம், கால் ஆடும். இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. எம் பொண்ணு வந்துடும். பதினெட்டாவது பிளாக்குல கூடப் படிச்ச பொண்ணு சத்யப்பிரியா வூடு இருக்குது, அங்க போயிருக்குது. ரெண்டு மாசத்துல இன்னிக்கித்தான் வெளிய கெளம்பிச்சி. நான்தான் போயிட்டு வாம்மான்னு தொரத்தி வுட்டேன். நீங்க வர்றது தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன். அரை மணி நேரம் ஆவும். ஒரு கையெழுத்துதானங்களே, இருந்து வாங்கிகினே போங்க. அதுக்கோசரம் கடலூர்லேர்ந்து இன்னொரு நாள் அலைவீங்களா?

யூனிஃபார்ம் போடாம வந்தீங்க பாருங்க, அது ஒரு புண்ணியம். சைபர் கிரைமோ என்னாவோ, எதிர் குவார்ட்டர்ஸ்காரங்களுக்கு போலீஸ்னா போலீஸ்தான். போன வாரம் ஒரு பையன் நம்ம கேட்டாண்ட நின்னு வீடியோ எடுத்துகினு இருந்தான். இதுதான் அந்தக் க்ளைமாக்ஸ் எழுதுனவ வூடு மக்களேன்னு போனப் பாத்துப் பேசறான். நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு முடிச்சிட்டு வர்றேன். என்னையே மறிச்சி, அங்கிள் நீங்க அவங்களுக்குச் சொந்தமான்னு கேக்கறான். பக்கத்து வூடுன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. சுத்திப் போயி பின்பக்கமா வூட்டுக்குள்ள வந்தேன். பாப்பா ஜன்னலாண்ட நின்னுகினு இருந்திச்சி. அன்னிக்கித்தான் கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்பான்னு சொன்னிச்சி. அதுவரைக்கும் தானா அடங்கிடும், வுடுப்பான்னுதான் சொல்லிகினு இருந்திச்சி. அதுவே பேரெல்லாம் லிஸ்ட்டு எழுதி உங்களுக்குத் தபால்ல அனுப்பிச்சி.

நீங்க அந்தப் படம் பாத்தீங்களா? நிழல்கோள். மொதப் பார்ட்டு மட்டுந்தானா. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வேற ஒரு கெரகம், அங்க மண்ண வெட்டினாத்தான் சனத்துக்கு மூச்சுக்காத்தே கெடைக்கும். ஹீரோ யாரு? மிஷின் ஆப்பரேட்டர். நான் இங்க சொரங்கத்துல ஓட்டறது பக்கெட் வீல் மிஷினுங்க, நெலக்கரிக்காவ மண்ண வெட்டறது. தூரத்துலேர்ந்து பாத்தா ராட்டினம் மாதிரி இருக்கும், கிட்ட போனாத்தான் அதோட உசரம் தெரியும். முப்பத்தியொரு வருஷமா அதுலதான் உக்காந்துகினு இருக்கறேன். எங்கள எவன் சினிமால காட்டினான் சொல்லுங்க? அந்தப் படத்துல ஒருத்தன் ஹெல்மெட்ட மாட்டிகினு, மூஞ்சியெல்லாம் புழுதியோட மிஷின் மேல ஏறுறான். தியேட்டரே எழுந்து நின்னு கத்துது. நான் அழுதுட்டேன் மேடம். பாப்பாவுக்கு அப்ப பத்து வயசு. என் கையப் புடிச்சிகினு, அப்பா அது நீதானன்னு கேட்டுச்சி.

அதுக்கு அம்மா இல்லீங்க. விஜயகுமாரி போறப்ப இதுக்கு ஆறு வயசு. அப்புறம் நானும் இதுவுந்தான். அந்தப் படத்த ரெண்டு பேரும் எத்தினி தடவ பாத்திருப்போம்னு கணக்கே இல்ல. வசனம் பூரா அதுக்கு மனப்பாடம். நான் சோறு வடிச்சிகினு இருப்பேன், அது பின்னால நின்னுகினு வில்லன் மாதிரி பேசும். ரெண்டாவது பார்ட்டு வந்தப்ப காலேஜி. அதையும் சேந்துதான் பாத்தோம். அப்புறம் மெட்ராஸ் போயிடுச்சி. எழுதுற வேலைப்பான்னு சொன்னிச்சி. கம்ப்யூட்டர் கம்பெனில என்னாமோ எழுதுதுன்னு நெனச்சிகினேன். கேட்டிருக்கணும். மாசம் பொறந்தா போன் பண்ணுது, நல்லா இருக்கறேன்னு சொல்லுது, அது போதும்னு இருந்துட்டேன்.

தனியா இருக்கறவனுக்கு ஷிஃப்ட்டு முடிஞ்சா என்னா வேலை? போனுதான். நிழல்கோள் ரசிகருங்கன்னு ஒரு குரூப்பு, நாப்பதாயிரம் பேரு. அதுல நானும் இருந்தேன். ஒளிக்க என்னா இருக்குது. மிஷினப் பத்தி நான் எதுனா எழுதினா, அந்த சீன்ல காட்டினது சரி, இது தப்புன்னு எழுதினா, நானூறு பேரு வந்து அண்ணே சூப்பரு அண்ணேன்னு சொல்லுவான். இங்க எங்க பிளாக்குல எவன் என்னைய அண்ணேன்னு கூப்புடறான்? எதிர் வூட்டு ஜெயகணேஷ் பதினாலு வருஷமா இருக்கறான், இன்னும் என்னைய மைன்ஸ் சார்னுதான் கூப்புடுவான், பேரு தெரியாது.

தண்ணி குடிங்க. மோட்டார் தண்ணி இல்ல, கேன் தண்ணிதான்.

அப்புறம் ஒம்போது வருஷம் கழிச்சி மூணாவது பார்ட்டு. பாப்பா போன் பண்ணிச்சி. அப்பா, மொத நாள் மொத ஷோ, பண்ருட்டில உனக்கு டிக்கெட்டு போட்டிருக்கறேன், மெசேஜி வரும் பாரு. படம் முடிஞ்சதும் எழுந்து வந்துடாத. எழுத்து ஓடுற வரைக்கும் உக்காந்திருன்னுச்சி. எழுத்துக்கு அப்புறம் எதுனா சீன் வெச்சிருப்பானுங்க போலன்னு நெனச்சேன். இப்பல்லாம் அப்படித்தான வெக்கிறானுங்க. லீவு போட்டுட்டுப் போனேன். இஸ்திரி போட்ட சட்ட.

க்ளைமாக்ஸ் தெரியுமா உங்களுக்கு? கெரகமே அணைஞ்சி போவப் போவுது. இவன் மிஷின்ல இருக்கறான். இன்னும் கொஞ்சம் வெட்டினா ஜெயிச்சிடலாம். அப்பப் பாத்து ரேடியோல இவன் பொண்ணு கூப்புடுது. ஒரு ரூம்புல உள்தாப்பா போட்டுகினு, அப்பா வந்தாத்தான் தொறப்பேன்னு சொல்லுது. இவன் என்னா பண்றான்? மிஷின நிறுத்திட்டு எறங்கிப் போயிடறான். போயி அந்தக் கதவாண்ட உக்காந்துக்கறான். அவ்ளோதான் படம். கெரகம் பொழச்சிதா இல்லியான்னு கூட சொல்லல. பதினேழு வருஷமா காத்துகினு இருந்த சனம் மேடம். தியேட்டர்ல ஊளையிடறான், செருப்பத் தூக்கி அடிக்கிறான் ஒருத்தன். எனக்கும் ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. என்னையே ஊர் பாக்க அவமானப்படுத்துன மாதிரி இருந்திச்சி. எழுத்து ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள எழுந்து வெளிய வந்துட்டேன்.

சாயங்காலம் போன் பண்ணிச்சி. கடைசி வரைக்கும் இருந்தியாப்பான்னுச்சி. இருந்தேம்மான்னேன். எழுத்து ஓடுறப்ப ஒண்ணும் பாக்கலியான்னுச்சி. லைட்ட போட்டுட்டானுங்க, கண்ணாடி வேற கொண்டுபோவலன்னேன். சரிப்பான்னுட்டு வெச்சிடுச்சி.

மூணாம் நாள் கேன்டீன்ல டீ குடிச்சிகினு இருக்கறப்ப குரூப்பத் தொறக்கறேன், எம் பொண்ணு போட்டோ. பட்டம் வாங்குனப்ப எடுத்தது. இவதான் அது, பாத்துக்கங்கன்னு போட்டு, கீழ ஆயிரம் பேரு காறித் துப்பறான். போன் நம்பரு, தங்கியிருக்கற ஹாஸ்டல், எல்லாம். மொகத்த வெட்டி வேற ஒடம்புல ஒட்டி… நீங்க பாத்திருப்பீங்க. உங்க ஃபைல்லயே இருக்கும். நான் எல்லாத்தையும் பாக்கல, பாதிக்கு மேல முடியல. அஞ்சாம் நாள் ஒரு பையோட வந்து எறங்கிச்சி. பின் ரூம்புக்குள்ள போனது போனதுதான்.

நான் திரும்பவும் பண்ருட்டி போயி அந்தப் படத்தப் பாத்தேன். ஆறு பேருதான் இருந்தான். எழுத்து ஓடுற வரைக்கும் உக்காந்திருந்தேன். க்ளைமாக்ஸ் எழுத்து, ரா. அருள்மொழி, நெய்வேலின்னு வந்துச்சி. ராவன்னா ராஜேந்திரன், நான்தான். பெருக்கறவரு வந்து சார் எழுந்துருங்கன்னு சொன்னப்புறந்தான் எழுந்தேன்.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்னா. பாப்பா ஏழாவது படிக்கறப்ப ஸ்கூல்ல பெரிய மனுஷி ஆயிடுச்சி. பயந்துகினு பாத்ரூமுக்குள்ள போயி தாப்பா போட்டுகிச்சி. டீச்சருங்க எத்தினியோ சொல்லியும் தொறக்கல. அப்பா வந்தாத்தான் வருவேன்னு அழுவுது. எனக்கு தகவல் வந்தப்ப மிஷின் மேல இருக்கறேன். மாத்து ஆள் இல்ல. நிறுத்திட்டு எறங்கிட்டேன். நான் நிறுத்தினா மண்ணு போற பெல்ட்டு நிக்கும், பெல்ட்டு நின்னா எல்லாம் நிக்கும். பூட்ஸ் காலோட, ஹெல்மெட்டக் கூட கழட்டாம போயி அந்தக் கதவாண்ட கீழ உக்காந்துகினேன். அப்பா வந்துட்டேம்மான்னேன். ரொம்ப நேரம் கழிச்சித்தான் தொறந்திச்சி. எங்க அக்கா மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து பஸ் புடிச்சி வர்ற வரைக்கும் நான்தான் பக்கத்துல இருந்தேன்.

மெமோ குடுத்தாங்க. அது பரவால்ல. கூட இருக்கறவனுங்கதான். பொம்பளப் புள்ள கூப்டிச்சின்னு மிஷின வுட்டுட்டு ஓடுனவன்னு சொல்லிச் சொல்லியே சிரிப்பானுங்க. நான் புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லி வெச்சேன், அப்படியும் எப்படியோ தெரிஞ்சி போச்சி. எத்தினி வருஷம். அத்த நெனச்சாலே கூசும் எனக்கு. மறந்துட்டேன்னு வெச்சிக்கங்களேன். ஆனா அது மறக்கல. அதுக்கு அதுதான் ஒலகத்துலயே பெரிய வீரம் போல இருக்குது. கோடிப் பேரு பாக்கற படத்துல கொண்டுபோயி வெச்சிருக்குது. எனக்குக் காட்டறதுக்குத்தான் டிக்கெட்டே போட்டிச்சி.

நீங்க ஏன் கண்ணத் தொடைக்கறீங்க, வுடுங்க.

இப்ப ரெண்டு மாசமா எப்படி இருக்குது தெரியுங்களா? மத்தியானம் கதவச் சாத்திகினு, அந்தக் கமெண்ட்டெல்லாம் ஒவ்வொண்ணா வாய்வுட்டுப் படிக்கும். அழுவறதில்ல. பாடம் ஒப்பிக்கற மாதிரி. நான் இந்தப் பக்கம் சோத்துல கைய வெச்சிகினு கேட்டுகினு இருப்பேன். இன்னிக்கி எது வரும், அடுத்தது எது வரும்னு. ஒரு நாள் வெளிய வந்து என் எதிர்ல உக்காந்துகினு படிச்சிது. இத எழுதுனவன் ஒரு அப்பனுக்குப் பொறந்திருக்க மாட்டான், பொண்ணு கூப்டான்னு மிஷின வுட்டுட்டு ஓடுறவன் ஆம்பளையே இல்லன்னு ஒருத்தரு எழுதியிருக்காருப்பா, இதுக்குத்தான் நெறைய லைக்கு, பதினோராயிரம்னுச்சி. என் மூஞ்சியையே பாத்துச்சி. எவனோ பொறுக்கி, வுடும்மான்னேன். சரிப்பான்னுட்டு எனக்கு மோர் ஊத்திச்சி.

உங்க கையில இருக்கறது அந்த லிஸ்ட்டுங்களா? குடுங்க, பாத்துட்டுத் தர்றேன். இருங்க, கண்ணாடி.

இருபத்தி மூணு பேரு. எல்லாம் பாப்பா கையால எழுதிக் குடுத்ததுதானா? நீங்க இதுல எதையும் எடுக்கல? இன்னொரு தடவ பாத்துக்கறேன்.

ஒண்ணு கொறையுது மேடம். அந்த பதினோராயிரம் லைக்கு. மீம் போட்டு ஊரெல்லாம் சுத்துனது அதுதான், நீங்க கூட பாத்திருப்பீங்க. ரெண்டு லைக்கு வாங்குனவன் பேரெல்லாம் எழுதியிருக்குது, அத்த எழுதல. மறந்திருக்குமா? தெனமும் படிக்கற பொண்ணு.

மைன்ஸ் ராஜான்னு ஐடி. எழுதிக்கங்க. தியேட்டர் வாசல்ல நின்னுகினு போட்டது. மூணாம் நாளே அழிச்சாச்சி, ஆனா அதுக்குள்ள போட்டோ புடிச்சி வெச்சிட்டானுங்க. எம் பொண்ணு போட்டோவ எடுங்கடான்னு சொல்ல முடியாம, பாவம் அந்தப் பொண்ண வுடுங்கடான்னு குரூப்புல கெஞ்சுனா, அண்ணே நீங்க போட்ட புள்ளையார் சுழிதானண்ணேன்னு சிரிக்கறான் ஒருத்தன். அந்த ஐடில மொகம் இருக்காது, எங்க மிஷின் படம்தான் இருக்கும், சூரியன் எறங்கறப்ப எடுத்தது. அது பத்தாவது படிக்கறப்ப பாப்பா எடுத்துக் குடுத்தது. அந்தப் படம் வேற யார்கிட்டயும் கெடையாது.

ஆமாங்க. இந்தப் போனுதான்.

அதுக்குத் தெரியும். மொத நாளே தெரியும். தெரிஞ்சிகினே என் கையால சாப்புடுது, மாத்திர போட்டியாப்பான்னு கேக்குது. திட்டிட்டா கூட பொழச்சிக்குவேன் மேடம். இப்படி என்னைய லிஸ்ட்டுல சேக்காம வுட்டுட்டு, நான் எப்படிங்க இந்த வூட்டுல இருக்கறது?

கேட்டு சத்தம் கேக்குது, அதுதான். சைக்கிள நிறுத்திட்டு வரும். சீக்கிரம் எழுதுங்க, இருபத்தி நாலு போட்டு எழுதுங்க. அது படிச்சிட்டுக் கையெழுத்து போடட்டும். முழுப் பேரு ராஜேந்திரன். உறவுமுறைன்னு கட்டம் போட்டிருக்குதா? அதுல அப்பான்னு எழுதுங்க.